நாலாம் நம்பர் காற்று

பழைய பிக்கப் வண்டியை நான் ஆகஸ்டு மாதத்தில் வாங்கினேன். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நாலு குளிர்காலம் பார்த்தவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம். மிச்சக் கதை அவர்களுக்குத் தெரியும்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரெஜைனா நகரில் அன்றைக்கு நல்ல வெயில். வண்டி 1998 மாடல். விற்றவர் ஏசியைப் போட்டுக் காட்டினார். முகத்தில் ஜிலுஜிலுவென்று அடித்தது. மதுரைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? வண்டி வாங்கினால் ஏசியைப் பார், டயரைப் பார், ஆர்.சி. புக்கைப் பார் என்றுதான் எங்கள் ஊரில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஹீட்டரைப் பார் என்று யாரும் சொன்னதில்லை. அவர் காற்றாடியை நாலாம் நம்பரில் மட்டுமே வைத்துக் காட்டினார் என்பது எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் உறைத்தது.

ஜனவரி வந்தது. இங்கே ஜனவரியில் மைனஸ் 30 என்பது செய்தியே அல்ல. மைனஸ் 40-ம் எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒரே எண்ணாகிவிடும். சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் இரண்டும் சமாதானமாகப் போய்விடுகின்றன என்று நினைக்கிறேன். ராத்திரியில் வண்டியின் மூக்கிலிருந்து தொங்கும் ஒயரைக் கரண்டில் சொருகிவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும். என்ஜினைக் கதகதப்பாக வைத்திருக்க அதற்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது. பெட்ரோல் வண்டியை செல்போன் மாதிரி சார்ஜில் போட்டிருப்பதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அப்பா போனில் சொன்னார்: "வண்டிக்குள்ள சூடு பத்தலைன்னு அழுகுற பிள்ளையப் பெத்தவன் மதுரை ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தாம்ப்பா."

வண்டிக்கு மூன்று வியாதி. முதலாவது, காற்றாடி நாலாம் நம்பரில் மட்டும் சுற்றும். ஒன்று, இரண்டு, மூன்று மூன்றும் மௌன விரதம். நாலில் வைத்தால் ரைஸ்மில்லில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். இரண்டாவது, வருகிற காற்று முழுக்க முன்கண்ணாடிக்கே போகும். காலுக்கு என்று குமிழைத் திருப்பினாலும் கண்ணாடிக்கு, முகத்துக்கு என்று திருப்பினாலும் கண்ணாடிக்கு. மூன்றாவது, அப்படிப் போகிற காற்றும் ஆறிப்போன காபிச் சூட்டில்தான் இருக்கும். இவை போக, டாஷ்போர்டுக்குள்ளிருந்து பல்லி கத்துவதுபோல் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். சகுனம் பார்க்கிற குடும்பம் என்றாலும் அதை நான் பொருட்படுத்தவில்லை.

மனைவி மடியில் வெந்நீர்ப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். "ஏங்க, அந்தக் கண்ணாடி மேல வண்டிக்கு இருக்கிற அக்கறையில கால்வாசி என் கால் மேல இருந்தாப் போதும்" என்றாள். அவள் செய்தது புதிதல்ல. கார்கள் வந்த புதிதில் சூடாக்கிய கல்லையும் கம்பளியையும் காலடியில் வைத்துக்கொண்டுதான் குளிர்நாட்டு மக்கள் போனார்கள். 1938-இல் நாஷ் என்ற அமெரிக்க நிறுவனம், வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, என்ஜின் வெந்நீரால் சூடாக்கி உள்ளே அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நானும் மனைவியும் அதற்கு முந்தைய காலத்தில் பயணம் செய்துகொண்டிருந்தோம்.

ஒரு பட்டறைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் பானெட்டைக்கூடத் தூக்கவில்லை. சாவியைத் திருப்பினார், கையை நீட்டிப் பார்த்தார், "ஹீட்டர் கோர் போச்சு. டாஷ்போர்டு முழுக்கக் கழற்றணும். 1,400 டாலர்" என்றார். வண்டியையே 2,600-க்குத்தான் வாங்கியிருந்தேன். பல் வலிக்குப் போனவனிடம் தாடையைக் கழற்ற வேண்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது.

காப்பாற்றியவர் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். இருபது வருடம் லாரி ஓட்டியவர். சூடேற்றிய கராஜ் வைத்திருப்பவர். இந்த ஊரில் அது அரண்மனைக்குச் சமம். வண்டியை உள்ளே ஏற்றச் சொன்னார். "தம்பி, ஹீற்றர் எண்டது சூட்டை உண்டாக்கிறேல்லை. என்ஜின் வீணாக்கிற சூட்டைத்தான் வாங்கித் தருது. முதல்ல என்ஜினிட்ட சூடு இருக்கோ எண்டு பாரும்."

எனக்கு அது ஞானோபதேசம். அதுவரை டாஷ்போர்டுக்குள் ஏதோ அடுப்பு இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். என்ஜினைச் சுற்றி ஓடுகிற கூலன்ட் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அதில் ஒரு பங்கு டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குப் போகிறது. அதுதான் ஹீட்டர் கோர். காற்றாடி அதன் வழியாகக் காற்றை ஊதுகிறது. இவ்வளவுதான் சங்கதி. கூலன்ட் குறைந்தாலும் சூடு வராது. தெர்மோஸ்டாட் என்கிற வால்வு, என்ஜின் ஏறக்குறைய 90 டிகிரிக்குச் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழி திறக்க வேண்டும். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் சூடு வராது. அப்படியானால் டாஷ்போர்டில் இருக்கும் சூட்டு முள் மேலே ஏறாமல் கீழேயே படுத்திருக்கும். என் முள் நடுவில் சரியாக நின்றது. என்ஜின் ஆறியிருந்தபோதே கூலன்ட் அளவையும் பார்த்துவிட்டோம். அதுவும் சரி.

"இப்ப அந்த ரெண்டு குழாயிலயும் கையை வைச்சுப் பாரும்" என்றார் அண்ணன். என்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவரில் இரண்டு ரப்பர் குழாய்கள் நுழைகின்றன. ஒன்று போகிற வழி, மற்றது வருகிற வழி. ஒன்றைத் தொட்டேன், தோசைக்கல். மற்றதைத் தொட்டேன், குழந்தையைக் குளிப்பாட்டலாம். இரண்டும் சுட்டால் கோரில் குறையில்லை. ஒன்று சுட்டு மற்றது சுடாவிட்டால் கோருக்குள் அடைப்பு. அடைப்புக்கு மருந்து பேதிதான், டாஷ்போர்டைப் பிளப்பது அல்ல.

என்ஜின் ஆறியதும் இரண்டு குழாய்களையும் கழற்றி, தண்ணீர் வழக்கமாக வெளியே வருகிற பக்கத்தில் தோட்டத்துக் குழாயைச் செருகி, மெதுவாகத் திறந்தோம். வேகமாகத் திறந்தால் பழைய கோர் வெடித்துவிடும். முதலில் சுக்குக் காபி நிறத்தில் வந்தது. பிறகு அடிவண்டல் ரசம். பிறகு துருப்பிடித்த தூள் ஒரு கொத்தாக வந்து விழுந்தது. அப்புறம் தெளிந்த தண்ணீர். வந்ததையெல்லாம் வாளியில் பிடித்து மூடி வைத்தார் அண்ணன். கூலன்ட் இனிக்கும், நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாம் வியாதிக்குக் காரணம் பேட்டரிக்கு அடியில் இருந்தது. இந்த மாதிரிப் பழைய வண்டிகள் பலவற்றில் காற்றைக் காலுக்கும் முகத்துக்கும் திருப்பும் கதவுகளை என்ஜினின் வேக்குவம்தான் இழுக்கிறது. வேக்குவம் போய்விட்டால் கதவுகள் தானாகவே கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்: கால் விறைத்தால் வண்டி ஓட்டலாம், கண்ணாடி உறைந்தால் ஓட்ட முடியாது. கனடாவின் வாகனப் பாதுகாப்பு விதிகளில் 103-ஆம் விதியும் முன்கண்ணாடியைப் பற்றித்தான் பேசுகிறது. மனைவியின் காலைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் வண்டி அக்டோபரிலேயே எச்சரித்திருக்கிறது. ரெஜைனா தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். மேடு என்றால் மேம்பாலம்தான். அதில் ஏற ஆக்சிலரேட்டரை மிதித்தபோதெல்லாம் முகத்துக் காற்று கண்ணாடிக்கு ஓடியது. மிதித்தால் வேக்குவம் குறையும். அப்போதே எங்கோ கசிந்திருக்கிறது. நான் அதை வண்டியின் சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன். காது கொடுத்துக் கேட்டபோது பேட்டரிக்கு அடியில் 'உஸ்ஸ்' என்றது. ஸ்ட்ரா கனத்தில் ஒரு குழாய் வெடித்துக் கிடந்தது. மூன்று டாலர் ரப்பர் துண்டு ஒன்றை மாட்டினோம். கதவுகள் 'டப்' என்று திரும்பின.

காற்றாடிக்கு ரெசிஸ்டர் போயிருந்தது. முதல் மூன்று வேகத்துக்கும் கரண்டு அதன் வழியாகப் போகிறது. நாலாம் நம்பருக்கு மட்டும் நேர்வழி. அதனால்தான் நாலு மட்டும் பிழைத்திருந்தது. என் வண்டியில் அந்த ரெசிஸ்டர் பயணியின் காலுக்கு மேலே, டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு திருகில் இருந்தது. கழற்றிக் கையை விட்டபோது மெத்தென்று ஏதோ பட்டது. இழுத்தால் எலிக்கூடு. டிஷ்யூ பேப்பர், சூரியகாந்தி விதைத் தோல், முந்தைய சொந்தக்காரரின் பார்க்கிங் அபராதச் சீட்டில் பாதி. வண்டியிலேயே கதகதப்பாக வாழ்ந்தது அந்த எலி ஒன்றுதான்.

மொத்தச் செலவு 58 டாலர். அதில் கூலன்டும் அடக்கம். அன்று ராத்திரி வெளியே மைனஸ் 31. பத்து நிமிடத்தில் மனைவி கையுறையைக் கழற்றினாள். அடுத்த பத்து நிமிடத்தில் கோட்டைக் கழற்றினாள். "கொஞ்சம் குறைங்க" என்றாள். பதினேழு வருட இல்லறத்தில் நான் பெற்ற பட்டங்களில் அதுதான் பெரியது.

'டிக் டிக்' பல்லியை மட்டும் விட்டுவிட்டோம். சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவைத் திருப்பும் சின்ன மோட்டாரில் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றார் அண்ணன்.

இப்போது ஜூலை. வெளியே 33 டிகிரி. போன வாரம் பல்லி கத்துவதை நிறுத்திவிட்டது. பல்சக்கரம் உடைந்து, கதவு சூட்டுப் பக்கம் நின்றுவிட்டது. ஏசியைப் போட்டால் காலுக்கு, முகத்துக்கு, கண்ணாடிக்கு, கேட்ட இடத்துக்கெல்லாம், கேட்ட வேகத்தில் அனல் வருகிறது.

பழைய பிக்கப் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் வாங்கினால் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். குளிரில் வாங்கினால் ஏசியைப் போட்டுப் பாருங்கள். எந்தக் காலத்தில் வாங்கினாலும் காற்றாடியை ஒன்றாம் நம்பரில் வையுங்கள்.