ஷட்டருக்குள் முருகன்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் போனது ஒரு ரோஜாச் செடி வாங்க. திரும்பி வரும்போது என் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு குட்டி யானை வந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் டி.வி. பெட்டி ஒன்று கயிறு கட்டி உட்கார்ந்திருந்தது.

சந்தையின் குணம் அப்படி. பழைய டிரங்க் சாலையில் நுழைந்தால் முதலில் செடிகள், அப்புறம் புறா, கோழிக்குஞ்சு, யாரோ வீட்டிலிருந்து கழற்றிய ஜன்னல், எந்த போனுக்கும் பொருந்தாத சார்ஜர்கள், ஒரு கால் மட்டும் லீவில் போன நாற்காலி. நாம் எதைத் தேடி வந்தோமோ அது முதல் பத்தடியிலேயே இருக்கும். 'வரும்போது வாங்கிக்கொள்ளலாம்' என்று தாண்டிப் போவோம். அங்கேதான் விதி சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும்.

என் அப்பாவுக்கு மூர் மார்க்கெட். அது 1985-இல் எரிந்து போனபோது வீட்டில் துக்கம் காத்தவர் அவர் ஒருவர்தான். நிம்மதிப் பெருமூச்சு விட்டவர் அம்மா. வியாதி பரம்பரையில் வரும் என்பதை அம்மா அப்போது யோசிக்கவில்லை.

நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காக அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. அப்போதும் அதற்குப் பின் பல வருஷங்களும் டி.வி. என்பது ஒரு மரச்சாமான். நாலு கால் இருக்கும். முன்னால், நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் ஓடி ஒளிந்துகொள்ளும் ஷட்டர் இருக்கும். அந்த ஷட்டருக்குப் பூட்டும் உண்டு. 1986-இல் எங்கள் வீட்டுக்கு வந்த டி.வி.யின் சாவி அப்பாவின் இடுப்புக் கயிற்றில் தொங்கியது. பரீட்சைக் காலத்தில் அப்பா குளிக்கப் போனாலும் சாவி கூடவே குளிக்கப் போகும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்பு தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். அப்பா எழுந்து, தொண்டையைக் கனைத்து, கயிற்றிலிருந்து சாவியை எடுத்து, ஷட்டரை இரண்டு பக்கமும் தள்ளுவார். கருவறைக் கதவு திறப்பதற்கும் அதற்கும் இருந்த ஒரே வித்தியாசம், மணி அடிக்க ஆள் இல்லை.

அதே மாதிரிப் பெட்டி, அதே வெள்ளிக்கிழமை, கண்ணெதிரே. எனக்கு மட்டும் என்ன, கல் நெஞ்சா?

"பர்மா தேக்கு சார்" என்றார் கடைக்காரர். "இந்த மரம் இப்ப பர்மாலயே கிடையாது."

"உள்ளே பிக்சர் டியூப்?"

"அதெல்லாம் எடுத்தாச்சு. வெறும் பெட்டிதான்."

அது நல்லதாகப் போயிற்று. அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். உடைந்தால் பெருக்கிக் குப்பையில் கொட்டும் சமாச்சாரம் இல்லை.

"சாவி?"

"சாவி எதுக்கு சார்? உள்ளதான் ஒண்ணும் இல்லையே."

இந்தப் பதிலில் இருந்த ஞானத்துக்கே பேரத்தில் பாதி தோற்றேன். அவர் 3,500 சொல்லி நான் 1,800-இல் முடித்தேன். ஜெயித்த பெருமை, குட்டி யானைக்காரர் குரோம்பேட்டைக்கு 900 ரூபாய் என்று சொல்லும் வரை நீடித்தது.

வாசலில் மனைவி பெட்டியைப் பார்க்கவே இல்லை. என் இரண்டு கைகளையும் பார்த்தாள். "என்னங்க, ரோஜாச் செடி எங்க?"

அம்மா பெட்டியைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தாள். "இதைத்தானேடா நாம வீடு மாத்தும்போது பழைய பேப்பர்காரன்கிட்ட அம்பது ரூபாய்க்குப் போட்டோம்?"

"இது வேற பெட்டிம்மா."

"அதுவும் இப்படித்தான் இருந்துது. அம்பது ரூபாய்க்குப் போட்டு ரெண்டாயிரத்து எழுநூறுக்கு வாங்கியிருக்கே. உங்கப்பாவாவது வாங்கறதோட நிறுத்திப்பார்."

பிராண்டு பெயர் இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. அது சாலிடேரா, டயனோராவா என்று எனக்கும் அம்மாவுக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. இரண்டும் சென்னையில் தயாரானவைதான், ஊர்ப் பாசத்தில் குறைவில்லை என்று சமாதானமானோம்.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் முதலில் ஆர்வம் காட்டினாள். "அப்பா, இதை அப்சைக்கிள் பண்ணலாம்."

"இதுல எங்கடி சைக்கிள் ஓட்டறது?" என்றாள் அம்மா.

மகள் போனில் வரிசையாகக் காணொளிகளைக் காட்டினாள். எங்கோ ஒரு நாட்டில், தூசி படிந்த அலமாரி ஒன்றை ஒரு பெண் வீட்டுக்குக் கொண்டு வருகிறாள். இரண்டு தேய்ப்பு, மூன்று இழுப்பு, ஒரு புதுக் கைப்பிடி. நாற்பது நொடியில் அலமாரி அரண்மனைக்குப் போகத் தயார். அவள் கையில் ஒரு சொட்டு பெயின்ட் இல்லை. பின்னணியில் கிடார் வேறு. இந்தக் காணொளிகளில் இருப்பது ஒரே ஒரு பொய்தான், நேரம். நமக்கு மூன்று வாரம் ஆவதை ஓடவிட்டு நாற்பது நொடியாக்குகிறார்கள். நாம் அந்த நாற்பது நொடியை நம்பி ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துவிட்டு ஆரம்பிக்கிறோம், பதினோரு மணிக்குள் முடித்துவிடலாம் என்று.

பெட்டியை என்னவாக மாற்றுவது என்பதற்கு மகள் மீன் தொட்டி என்றாள். மனைவி, "வித்துடலாம்" என்றாள். அம்மாதான், "சாமி வைக்கலாமே" என்றாள். எங்கள் அடுக்ககத்தில் பூஜையறை கிடையாது. சாமியெல்லாம் சமையலறை ஷெல்பில், குக்கருக்கு நேர் மேலே. மூன்றாவது விசிலில் முருகன் படத்துக்கு முகமெல்லாம் வியர்த்துவிடும். ஆகவே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

முதல் வேலை, உப்புத்தாள் தேய்ப்பது. கடையில் 80, 120, 220 என்று நம்பர் வைத்திருந்தார்கள். சின்ன நம்பர் என்றால் மென்மையாக இருக்கும் என்று நானாகவே முடிவு செய்து 80-ஐ வாங்கி வந்தேன். நம்பர் குறையக் குறைய முரட்டுத்தனம் கூடும் என்பதை நான் யாரிடமும் கேட்கவில்லை. ஐம்பது வயது ஆணாயிற்றே. ஹார்டுவேர் கடையில் போய் எப்படிச் சந்தேகம் கேட்பது?

பத்து நிமிஷம் வேகமாகத் தேய்த்தேன். மரம் பளிச்சென்று நிறம் மாறியது. இன்னும் பத்து நிமிஷம். பர்மா எல்லை முடிந்துவிட்டது. உள்ளேயிருந்து வெளிறிய ப்ளைவுட் எட்டிப் பார்த்தது. தேக்கை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கனத்துக்குச் சீவி, ப்ளைவுட் மேல் ஒட்டுவார்கள். வெனீர் என்று பெயர். அப்பளம் அதைவிடக் கனமாக இருக்கும். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. தேக்கு இருந்தது. எவ்வளவு கனம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெட்டியின் தலையில் ஆஸ்திரேலியா வரைபடம் மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. அம்மா பார்த்துவிட்டு, "தேமல்" என்றாள்.

"பரவால்லப்பா, சாக் பெயின்ட் அடிச்சா எல்லாம் மறைஞ்சிடும்" என்றாள் மகள். இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்பவர் 1990-இல் கொண்டுவந்த பெயின்ட் அது. பழைய சாமான் மேல் தேய்க்காமல், ப்ரைமர் இல்லாமல், நேரடியாக அடிக்கலாமாம். தேய்க்காமல் அடிக்கலாம் என்பதைத் தேய்த்து முடித்தபின் சொன்னாள். விலை பார்த்தோம். பார்த்துவிட்டு வீட்டிலேயே தயாரிக்கலாம் என்ற முடிவுக்கு வந்தோம். சாதாரண எமல்ஷனில் ப்ளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்தால் ஏறக்குறைய அதேதானாம்.

ஏறக்குறைய. ப்ளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தண்ணீர் பட்டால் சில நிமிஷங்களில் இறுகும். கட்டு போட்டுக்கொண்ட எவருக்கும் தெரிந்த விஷயம். நான் வாளியில் தாராளமாகக் கொட்டி, மனைவியின் குழம்புக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவசர விஷயம் ஒன்றுமில்லை, யாருக்கோ பிரிவுபசாரம், தலைக்கு இருநூறு ரூபாய். பேசிவிட்டு வந்தால் கரண்டி வாளிக்குள் கொடிமரம் மாதிரி நின்றது. இழுத்தேன். வாளியும் சேர்ந்து வந்தது.

அந்த வாளி இப்போது பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கிறது. தூக்கிப் போகக் கைப்பிடிக்குக் கரண்டி. இந்த முழு முயற்சியில் நான் உருவாக்கியதில் குறையில்லாதது அது ஒன்றுதான்.

கடைசியில் கார்பென்டரைக் கூப்பிட்டோம். வந்தவர் பெட்டியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். ஆஸ்திரேலியாவைத் தடவிப் பார்த்தார்.

"யார் சார் இதைத் தேய்ச்சது?"

"பொண்ணு" என்றேன்.

"கை வெக்காம விட்டிருந்தா கொம்பரக்கு பாலிஷ் போட்டிருக்கலாம் சார். மரத்தோட ரேகையெல்லாம் எழுந்து நின்னிருக்கும்." அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தொட்டுத் தொட்டு, ஒரு கை காய்ந்தபின் இன்னொரு கை என்று பொறுமையாக ஏற்றும் வேலை அது. சொல்லும்போதே அவர் விரல்கள் காற்றில் வட்டம் போட்டன. அப்புறம் பெருமூச்சு விட்டு, "இனிமே பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கறதுதான்" என்றார். பட்டி பார்த்துவிட்டுப் போனார். பெயின்ட் நானே அடித்துக்கொள்கிறேன் என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நிறம், மயில் நீலம். முருகனுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். இரண்டு கை அடித்தேன். தாராளமாகவே அடித்தேன். மனைவி வெள்ளை பெயின்ட் எடுத்து, ஓரத்தில் ஒரு சிக்குக் கோலம் போட்டாள். ஸ்டென்சில் இல்லை, அளவுகோல் இல்லை. விற்றுவிடலாம் என்று சொன்னவள் போட்ட அந்தக் கோலத்தைத்தான் வருகிறவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. நடுவில் முருகன், நமக்கு இடப்பக்கம் வள்ளி, வலப்பக்கம் தெய்வானை. எல்லாம் வைத்தாயிற்று. அப்படியே விட்டிருக்கலாம். அப்பா மாதிரி ஷட்டரைத் தள்ளித் திறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. முதல் நாள் ராத்திரியே இழுத்து மூடி வைத்தேன். காலையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு போய்த் தள்ளினேன். அசையவில்லை.

ஷட்டர் என்பது ஒரே பலகை இல்லை. ஒல்லி ஒல்லியான மரப்பட்டைகளைக் கேன்வாஸ் துணியில் வரிசையாக ஒட்டி, மேலும் கீழும் காடிக்குள் ஓடவிட்டிருப்பார்கள். என் தாராள மனசு பட்டைகளுக்கு நடுவிலும் காடிக்குள்ளும் புகுந்து ராத்திரியோடு ராத்திரியாகக் காய்ந்திருந்தது. உள்ளே முருகன் குடும்பம், வெளியே நாங்கள், குறுக்கே மயில் நீலம். மயில் முருகனுக்கு எதிராகத் திரும்பிய ஒரே சந்தர்ப்பம் இதுவாகத்தான் இருக்கும்.

"உங்கப்பா பூட்டி வெச்சப்பக்கூட இவ்வளவு கஷ்டம் வந்ததில்லடா" என்றாள் அம்மா, மூடிய ஷட்டருக்கே சூடம் காட்டிவிட்டு.

கார்பென்டர் போனிலேயே வைத்தியம் சொன்னார். பிளேடால் இடுக்கைக் கீறிவிட்டு, காடியில் மெழுகுவர்த்தியைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். வலது பக்கம் வழுக்கிக்கொண்டு போயிற்று. இடது பக்கம் முக்கி முனகிப் போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் நிஜமான விழா. எண்ணெய் விளக்கைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, புது பெயின்ட், பற்றிக்கொள்ளும் என்று சொல்லி வெளியே ஸ்டூலில் வைக்க அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். சாம்பிராணி பற்றி எதுவும் பேசவில்லை. அம்மா தூபக்காலை உள்ளே வைத்து ஷட்டரைப் பாதி சாத்திவிட்டாள், சாமிக்கு நன்றாகப் படட்டும் என்று. டி.வி.யின் முதுகு அட்டையில் சூடு வெளியேற வரிசையாக ஓட்டைகள் இருக்குமே, அதன் வழியாகப் புகை நேராக ஜன்னலுக்குப் போயிற்று.

எதிர் வீட்டுப் பெரியவர் பால்கனியிலிருந்து அலறினார். "சார்! உங்க டி.வி. புகையுது! மெயினை ஆஃப் பண்ணுங்க!" நான் பதில் சொல்வதற்குள் அவரே கீழே ஓடி அணைத்துவிட்டார், அடுக்ககம் முழுவதற்கும்.

என்ன ஆச்சு என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எங்கள் கூடத்தில் கூடிவிட்டார்கள். இருட்டு, ஃபேன் இல்லை, விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். நிற்கவும் இடமில்லாமல் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு பேர், பெட்டியையே பார்த்துக்கொண்டு. யாரோ சன்னமாகப் பாட ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டாம் மாடிச் சிறுவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாட்டி, இதுல வேற என்ன வரும்?" என்று கேட்டான்.

"சுண்டல் வரும்" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அவன் தவறாமல் வருகிறான். இரண்டு நண்பர்களையும் கூட்டி வருகிறான். கடலை செலவு ஏறிவிட்டது.

பெட்டி, குட்டி யானை, உப்புத்தாள், பட்டி, பெயின்ட், கார்பென்டர் கூலி, புதுக் கரண்டி எல்லாம் சேர்த்து 6,430 ரூபாய். மனைவி போனில் ஒரு புது பூஜை ஸ்டாண்டைக் காட்டினாள், 5,499. வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுப்பார்களாம். ரோஜாச் செடியை அவளே நர்சரியில் வாங்கிவிட்டாள்.

இது ஐப்பசி. மழை ஈரத்தில் இடது ஷட்டர் உப்பிப் பாதியில் நின்றுவிட்டது. முருகன் தெரிகிறான், தெய்வானை தெரிகிறாள். வள்ளியைக் கும்பிட வேண்டுமானால் இரண்டடி வலது பக்கம் நகர்ந்து எட்டிப் பார்க்க வேண்டும்.