புள்ளிக்கு அப்புறம் எத்தனை நம்பர்?

இடம்: சென்னை ரிச்சி தெரு. மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வீஸ் கடை. உள்ளே ஒருவர் உட்காரலாம், இன்னொருவர் நின்றுகொண்டு பேசலாம். உட்கார்ந்திருப்பவர் முத்தையா, எதைக் கொடுத்தாலும் திறந்து பார்ப்பவர். நிற்பவர் சாரங்கன், எதைத் திறப்பதற்கு முன்பும் எக்செல்லைத் திறப்பவர்.

சாரங்கன்: அண்ணே, காம்பனென்ட் டெஸ்ட் பண்ண கையடக்கமா ஒரு மீட்டர் வாங்கணும். விலை கம்மியா இருக்கணும், ஆனா பெஸ்ட்டா இருக்கணும்.

முத்தையா: பெஸ்ட்டு எதிர்க் கடையில இருக்கு. கம்மி பக்கத்துக் கடையில இருக்கு. ரெண்டையும் சேர்த்து விக்கிற கடையை நானும் தேடிக்கிட்டுதான் இருக்கேன்.

சாரங்கன்: நான் ஹோம்வொர்க் பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். (லேப்டாப்பை விரிக்கிறார். மேசையில் இடம் இல்லை. சால்டரிங் அயர்ன் பக்கம் கொண்டுபோய், முத்தையாவின் முகத்தைப் பார்த்துவிட்டு கையிலேயே வைத்துக்கொள்கிறார்.) இதோ, எல்லா மாடலும் இருக்கு. அக்யூரசி, கவுன்ட், டெஸ்ட் ஃப்ரீக்வென்சி, பேக்லைட் கலர்...

முத்தையா: எதை ரிப்பேர் பண்ணப்போறீங்க?

சாரங்கன்: அதுக்குக் கட்டம் போடலையே அண்ணே.

முத்தையா: சரி, வீட்ல எது மக்கர் பண்ணுது?

சாரங்கன்: சீலிங் ஃபேன். அஞ்சுல வச்சாலும் ஒண்ணுல வச்ச மாதிரி சுத்துது.

முத்தையா: கன்டென்சர், அதான் கெப்பாசிட்டர், இறங்கியிருக்கும். மேல 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏசின்னு போட்டிருக்கும். அளந்து பாத்தா ஒண்ணரை, ஒண்ணே முக்கால்னு காட்டும்.

சாரங்கன்: ஒண்ணரைன்னா 1.5ஆ, 1.503ஆ?

முத்தையா: அதே கன்டென்சர் மேல பிளஸ் ஆர் மைனஸ் 5 பர்சென்ட்னு அவனே அச்சடிச்சிருப்பான். புதுசே 2.38ல இருந்து 2.62 வரைக்கும் எங்க நின்னாலும் அது நல்ல சரக்கு. நீங்க புள்ளிக்கு அப்புறம் மூணாவது நம்பரைக் கேக்குறீங்க. அந்த நம்பர் ஃபேனுக்கே தெரியாது.

சாரங்கன்: அப்போ இந்த டிஇ-5000? தைவான் எல்சிஆர் மீட்டர். 100 ஹெர்ட்ஸ், 120, 1 கிலோஹெர்ட்ஸ், 10, 100னு அஞ்சு ஃப்ரீக்வென்சி!

முத்தையா: அருமையான மீட்டர். அந்த அஞ்சு எதுக்குன்னு சொல்லுங்க பாப்போம்.

சாரங்கன்: ஒண்ணை விட அஞ்சு ஜாஸ்தி.

(எக்செல் படித்தவர்களுக்கு இந்தப் பதில் போதும்.)

முத்தையா: நம்ம ஊரு கரன்ட் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் போட்டு டிசி ஆக்கினா அந்த ரிப்பிள் 100 ஆகும். அமெரிக்காக்காரனுக்கு 60, அதனால 120. ஃபில்டர் கெப்பாசிட்டர் வேலை செய்றது அந்த இடத்துல, அதனால அதை அங்கேயே அளக்கணும். எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளைல வர்ற காயில் பல பத்துக் கிலோஹெர்ட்ஸ்ல ஓடுது, அதை 100 கிலோஹெர்ட்ஸ்ல அளந்தாத்தான் அதோட உண்மைக் குணம் தெரியும். தானே காயில் சுத்துறவன், ஸ்பீக்கர் கிராஸ்ஓவர் கட்டுறவன் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். ஃபேன் வச்சிருக்கவன் எதுக்கு வாங்கணும்?

சாரங்கன்: நாளைக்கே நான் காயில் சுத்தலாம் இல்லையா?

முத்தையா: நாளைக்கே வாங்கிக்கலாம் இல்லையா? (மேசைக்கு அடியிலிருந்து உறை கூட இல்லாத ஒரு சின்ன போர்டை எடுக்கிறார். மேலே பச்சைத் திரை, கீழே 9 வோல்ட் பேட்டரி.) இதைப் பாருங்க. எல்சிஆர்-டி4ங்கிறது. ஆயிரத்துக்குள்ள கிடைக்கும்.

சாரங்கன்: இதுக்கு உடம்பே இல்லையே!

முத்தையா: மூளை இருக்கு. ஜெர்மனியில மார்க்கஸ் ஃப்ரேஜெக்னு ஒருத்தர் ஆரம்பிச்சு, கார்ல்-ஹைன்ஸ் க்யூபெலர் வளர்த்த டிசைன். சர்க்யூட்டையும் புரோகிராமையும் யார் வேணா எடுத்துக்கங்கன்னு விட்டுட்டாங்க. சீனாக்காரன் எடுத்துக்கிட்டான். உள்ள இருக்கிற அட்மெகா328 சிப்பு உங்க ஆர்டுயினோ யூனோவுல இருக்கிற அதே சிப்புதான். இந்தாங்க, இந்த டிரான்சிஸ்டரைச் செருகுங்க.

சாரங்கன்: எந்தக் கால் எந்த ஓட்டையில?

முத்தையா: கண்ணை மூடிக்கிட்டு செருகுங்க. லிவரை அழுத்துங்க. இப்ப பட்டன்.

(ஒன்றிரண்டு நொடி யோசனை. திரையில் என்பிஎன் டிரான்சிஸ்டரின் படம் வருகிறது. ஒவ்வொரு காலிலும் 1, 2, 3, எது எமிட்டர், எது பேஸ், எது கலெக்டர், கீழே கெயின். சாரங்கன் காலை மாற்றிச் செருகிப் பார்க்கிறார். எண் மாறுகிறது, பதில் மாறவில்லை.)

சாரங்கன்: அட!

முத்தையா: பிசி547ம் 2என்3904ம் பாக்க அண்ணன் தம்பி. தட்டை முகத்தை நம்ம பக்கம் திருப்பினா ஒண்ணுக்கு இடது கால் கலெக்டர், இன்னொண்ணுக்கு எமிட்டர். மாத்திப் போட்டு எத்தனை போர்டு புகைஞ்சிருக்கு தெரியுமா? அதைத் தடுக்கிறதுக்கே இந்தக் காசு தகும்.

சாரங்கன்: இதோட அக்யூரசி சர்டிஃபிகேட்?

முத்தையா: என்கிட்ட ஒரு பர்சென்ட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் நாலு இருக்கு, ஒரு நல்ல ஃபிலிம் கெப்பாசிட்டர் இருக்கு. எந்த மீட்டர் மேல சந்தேகம் வந்தாலும் இதுங்களை வச்சுக் கேப்பேன். அதான் சர்டிஃபிகேட்.

சாரங்கன்: அப்போ இதையே போர்டுல ரெண்டு ஒயர் வச்சு அப்படியே...

முத்தையா: ஐயோ, போர்டுல வச்சுப் பாக்கக் கூடாது. பந்தியில ஒருத்தரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா வரிசையே எழுந்திரிக்கிற கதையாகிடும், பக்கத்துல பேரலலா இருக்கிறதெல்லாம் சேர்ந்து பதில் சொல்லும். கழட்டித்தான் பாக்கணும். ஜீனர் டயோடும் இதுல சரியா வராது. 5 வோல்ட்ல ஓடுற சாமான், 12 வோல்ட் ஜீனரை வெறும் டயோடுன்னு காட்டும். கொஞ்சம் விலை கூடின டிசி1ங்கிற மாடல்ல ஜீனருக்குத் தனி இடம் உண்டு.

சாரங்கன்: எஸ்எம்பிஎஸ்ல ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்குமே, 450 வோல்ட்னு போட்டு. அதைக் கழட்டிச் செருகினா?

முத்தையா: (பதில் சொல்லாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டுகிறார். அதே போர்டுகள், திரை மட்டும் வராது.) இதெல்லாம் அப்படிக் கேட்காமலே செருகினவங்க கொண்டாந்தது. 230 வோல்ட் பிரிட்ஜ் தாண்டினா 325 வோல்ட் டிசி. செட்டை அணைச்சாலும் உள்ள உக்காந்திருக்கும். இந்த மீட்டர் அதை அளக்காது தம்பி, அதுதான் இந்த மீட்டரை அளந்துடும். முதல்ல பழைய குண்டு பல்பு வழியா சார்ஜை இறக்கணும்.

சாரங்கன்: ஸ்க்ரூடிரைவரை வச்சு ஷார்ட் பண்ணக் கூடாதா?

முத்தையா: பண்ணலாம். முனை உருகின ஸ்க்ரூடிரைவர் அந்த டப்பாவுக்கு அடியில இருக்கு.

சாரங்கன்: எங்க டிவியும் ஆன் ஆக அரை மணி நேரம் எடுக்குதுண்ணே. இரவல் மல்டிமீட்டர்ல கெப்பாசிட்டரைப் பாத்தேன். 1000க்கு 930 காட்டுது. நல்லா இருக்கு.

முத்தையா: அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. மைக்ரோஃபாரட் அப்படியே இருக்கும், உள்ள ஈரம் காஞ்சு ஈஎஸ்ஆர்ங்கிற உள் தடை ஏறியிருக்கும். பாயின்ட் சைபர்ல இருக்க வேண்டிய ஓம்ஸ் ரெண்டு, மூணுன்னு போயிடும். 2000க்கு அப்புறம் கொஞ்ச வருஷம் கம்ப்யூட்டர் மதர்போர்டு கெப்பாசிட்டரெல்லாம் தலை உப்பி வந்துச்சே, அதெல்லாம் எலக்ட்ரோலைட் கோளாறுதான். அதுல சிலது தலை உப்பாமலே செத்தது. ஈஎஸ்ஆர் மீட்டர் இருந்தா போர்டுலயே வச்சுப் பாக்கலாம். 100 கிலோஹெர்ட்ஸ் அளவுல ரொம்பக் கம்மி வோல்ட்தான் கொடுக்கும். பக்கத்துல இருக்கிற டயோடு, டிரான்சிஸ்டர் எதுவும் முழிச்சுக்காது.

சாரங்கன்: (கட்டம் போடுகிறார்.) கடைசியா ஒண்ணு. மல்டிமீட்டர் மஞ்சள் கலர்தான் வேணும். பாக்க புரொஃபஷனலா இருக்கும்.

முத்தையா: மஞ்சளுக்கு ஒரு கதை உண்டு. 2014ல ஸ்பார்க்ஃபன்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி சீனாவுல இருந்து இரண்டாயிரம் மீட்டர் இறக்கினான். கருப்பு உடம்பு, மஞ்சள் விளிம்பு. அது ஃப்ளூக்குங்கிற மீட்டர் கம்பெனியோட டிரேட்மார்க்குன்னு கஸ்டம்ஸ் பிடிச்சு வச்சுக்கிச்சு. விஷயம் ஊரெல்லாம் பரவினதும் ஃப்ளூக்கே தன் மீட்டரை அந்தக் கம்பெனிக்கு இனாமா அனுப்புச்சு. நீங்க கலரைப் பாக்காதீங்க, பின்மூடியைக் கழட்டி ஃப்யூஸைப் பாருங்க. சில மலிவு மீட்டர்ல 10 ஆம்பியர் ஓட்டைக்குப் பக்கத்துல அன்ஃப்யூஸ்டுன்னு அவனே எழுதியிருப்பான். கேட் த்ரீ 600 வோல்ட்டுன்னு பாதுகாப்பு ஸ்டிக்கர் ஒட்ட காசு ஆகாது, உள்ள மண் அடைச்ச பீங்கான் ஃப்யூஸ் போடத்தான் காசு.

சாரங்கன்: அப்போ என் லிஸ்ட்ல எது முதல்?

முத்தையா: கெப்பாசிட்டரும் அளக்கிற, நல்ல ஃப்யூஸ் இருக்கிற ஒரு ஆட்டோ ரேஞ்ச் மல்டிமீட்டர். கூட இந்த டி4. அடிக்கடி எஸ்எம்பிஎஸ் திறக்க ஆரம்பிச்சா ஈஎஸ்ஆர். எல்சிஆர் மீட்டரை காயில் சுத்துற அன்னிக்குப் பாத்துக்கலாம். இன்னிக்கு ஒரு 2.5 கன்டென்சர் வாங்கிட்டுப் போங்க.

(சாரங்கன் கன்டென்சர் வாங்கக் கிளம்பினார். எந்த பிராண்டு என்று கேட்க மறுபடி லேப்டாப்பைத் திறந்ததை, வாசலில் நின்றிருந்த நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.)

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃபேனில் கை வைக்குமுன் மெயினை அணையுங்கள், எந்த மீட்டர் வாங்கினாலும், சார்ஜ் இறக்காத கெப்பாசிட்டரை அதில் செருகாதீர்கள். முத்தையாவின் டப்பாவில் இனி இடமில்லை.