மூக்கால் குடிப்பது எப்படி

பெங்களூரில் இப்போதெல்லாம் பீரை வாய்க்குக் கொடுப்பதற்கு முன்னால் மூக்குக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். கண்ணை மூடி இரண்டு சின்ன மூச்சு, பிறகு ஒரு நீள மூச்சு. கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் அதே. ஸ்ரீரங்கத்தில் சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்த நாட்களில்கூட நான் இவ்வளவு ஒழுங்காக மூச்சு விட்டதில்லை. எங்கள் காலத்து முறை இதற்கு நேர் எதிர். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் கவிழ்ப்பது.

எங்கள் காலம் என்றால் 1982. அதற்கு முந்தைய வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் அது மதுக்கடைக் கதவு சாத்திய வரலாறு. ராஜாஜி 1937இல் சேலத்தில் சாத்தினார். 1948இல் மாகாணம் முழுக்கச் சாத்தியாயிற்று. 1971இல் கலைஞர் திறந்தார், 1974இல் அவரே சாத்தினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். என் அப்பா வாலிபம் முழுவதையும் சாத்திய கதவுக்கு வெளியே கழித்தவர். நான் முதல் சம்பளம் வாங்கிய சமயம் கதவு திறந்திருந்தது. ஜாதக விசேஷம்.

திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்த நண்பன்தான் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பாருக்கு அழைத்துப் போனான். உள்ளே சிவப்பு பல்பு. எதிரே இருப்பவன் யார் என்று தெரியக் கூடாது என்பதற்காகவே போட்ட வெளிச்சம் அது. பாட்டிலின் லேபிளும் தெரியாது. கோல்டன் ஈகிளா வேறு ஏதாவதா என்று சர்வர் சொன்னால்தான் உண்டு. அவர் கேட்பதும் இரண்டே கேள்வி: "ஸ்ட்ராங்கா லைட்டா? கூலிங்கா சாதாவா?" மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லாமல் அப்போதுதான் வந்திருந்ததால் அன்றைக்கு இரண்டாவது கேள்வி ரத்து. வெதுவெதுவென்று இருந்ததை மிக்சரும் மாங்காய் ஊறுகாயும் சேர்த்து உள்ளே தள்ளினோம். குடித்தது பீர், ருசி தெரிந்தது ஊறுகாய்.

குடித்ததைவிட வீடு திரும்பியதுதான் பெரிய வேலை. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோர சீட். காவேரிப் பாலம் வந்ததும் வாயைத் திறந்து வைத்துக் காற்று வாங்குவது. மாம்பழச்சாலையில் இறங்கி ஒரு பன்னீர் சோடா, இரண்டு ஏலக்காய், ஒரு கிராம்பு. அதுவும் போதாது என்று அம்மா மண்டபம் படித்துறையில் ஒரு முழுக்கு. சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழையப் போனால் திண்ணையில் பாட்டி.

"என்னடா, இந்த நேரத்துல ஸ்நானம்?"

"நாளைக்கு ஏகாதசி, பாட்டி."

"ஏகாதசி போன வாரமே ஆயிடுத்தே."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதில் எங்கள் பாட்டிகள் கைதேர்ந்தவர்கள்.

இத்தனைக்கும் ருசி தெரியாத ஊரா அது? காபித்தூள் கடை வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பீபெரி எவ்வளவு, பிளான்டேஷன் ஏ எவ்வளவு, வறுவல் இன்னும் ஒரு சுற்றுத் தாங்குமா, சிக்கரி அறவே கூடாதா அல்லது நிறத்துக்குக் கொஞ்சம் விடலாமா என்று வக்கீல்கள் மாதிரி வாதாடுவார்கள். முதல் டிகாக்ஷனையும் இரண்டாவதையும் கலந்துவிட்டால் சம்பந்தி வீட்டில் சண்டையே வரும். மெட்ராஸுக்கு மாற்றலாகிப் போன அத்திம்பேர் லீவில் வரும்போதெல்லாம், அங்கே தூள் அதேதான், பால் அதேதான், தண்ணிதான் சரியில்லை, காவேரி காவேரிதான் என்பார். இப்படிப்பட்ட நாக்கைத்தான் நாங்கள் பார் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். ஒளிந்து குடிப்பவனுக்கு அவசரம் முக்கியம். ருசி பார்க்க நேரம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், பக்கத்தில் ஒருத்தர் இருந்து "ஆமாம், இல்லை" என்று சொல்லவும் வேண்டும். மூன்றும் எங்களுக்குக் கிடையாது.

1987இல் எங்கள் ராஜகோபுரம் 236 அடிக்கு எழுந்து நின்றது. அதே ஆண்டு முதல் தேதியிலிருந்து மாநிலம் முழுக்கக் கள்ளுக்கடை மூடப்பட்டது. மரத்துக்கு மரம், காலைக்கும் மாலைக்கும் ருசி மாறுகிற ஒரே சரக்கு போயிற்று. எந்த ஊரில் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கிற பாட்டில் தங்கிவிட்டது. 1983இல் மொத்த வியாபாரத்துக்கு ஆரம்பித்த டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறைக் கடையையும் தானே எடுத்துக்கொண்டது. கம்பி வலைக்குள் பணத்தை நீட்டினால் இருப்பது வெளியே வரும். கொத்தமல்லி வாசனை வருமா என்று அங்கே யாரும் கேட்டுப் பார்க்க வேண்டாம்.

பெங்களூரில் கேட்கலாம். 2010, 2011 வாக்கில் டாய்ட், பியர் கிளப் என்று அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் கடைகள் அந்த ஊரில் முளைத்தன. இந்திரா நகரில் இருக்கும் அக்கா பையன், அப்படி ஒரு கடையில் பீர் ருசி பார்க்கும் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிவிட்டுத்தான் எங்களிடம் சொன்னான். "பெல்ஜியத்துலேர்ந்து ரெண்டு புரூயர்ஸ் வரா மாமா. மாமியையும் அழைச்சுண்டு வாங்கோ." நான் எதற்கு என்றாள் என் மனைவி. காபியும் உண்டு என்றான். கிளம்பிவிட்டாள்.

பட்டப்பகல் போல் வெளிச்சம். குழி வெட்டிய பலகையில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகள், வெளுப்பிலிருந்து கறுப்பு வரை வரிசையாக. நடுவில் வாய் கழுவத் தண்ணீர், உப்பில்லாத ரொட்டி. ஊறுகாய் இல்லை, நாக்கைக் கெடுத்துவிடுமாம். ஒயின்காரர்கள் சுவைத்துவிட்டுத் துப்புவார்கள், பீரில் துப்பக் கூடாது, கசப்பு அடித்தொண்டையில்தான் பிடிபடும் என்றார் வந்தவர்களில் மூத்தவர். ஹாப்ஸை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகரச் சொன்னார். மாட்டுத் தீவனக் குச்சியைப் பச்சையாகச் செய்தது போல் இருந்தது. தேய்த்ததும் நாரத்தை இலை மணம்.

கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவது அவர்கள் ஊர் வழக்கம். அது கிட்டத்தட்டச் செத்தே போயிருந்ததாம். ஹூகார்டன் என்ற கிராமத்தில் பியர் செலிஸ் என்பவர் 1960களில் அதை மீட்டார். கதை சொல்லி முடித்துவிட்டு, என்ன மணம் தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். கணினிக்காரப் பிள்ளைகள் "சிட்ரஸ்", "ஃப்ளோரல்" என்று சரளமாகச் சொன்னார்கள். நான் "ரசப்பொடி" என்றேன். மூத்தவருக்கு மருமகன் மொழிபெயர்த்ததும் அவர் குறித்துக்கொண்டார்.

அடுத்தது தண்ணீர்ப் பாடம். பில்சன் நகரத்தில் தண்ணீர் மிருதுவானது, அதனால் 1842இல் அங்கே அந்த வெளிர்பொன் நிற பீர் பிறந்தது. இங்கிலாந்தில் பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அதனால் இந்தியாவில் இருந்த துரைமார்களுக்கு அவர்கள் ஏற்றுமதி செய்த கசப்பு பீர் அங்கே எடுப்பாக அமைந்தது. திருச்சி கன்டோன்மென்ட் துரைகளும் அதில் சேர்த்திதானே என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் இங்கே எந்தத் தண்ணீரில் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டேன். உள்ளூர்க்காரர் சொன்னார்: "காவேரி சார்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவருகிற காவேரி. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் நம் பங்கிலிருந்து 14.75 டி.எம்.சி.யைக் குறைத்து 177.25 ஆக்கியதே, அதில் 4.75 பெங்களூரின் தாகத்துக்கு என்றுதான் தீர்ப்பு. அந்தத் தாகத்தைத்தான் நான் இப்போது கையில் பிடித்திருக்கிறேன். ஒரு லிட்டர் பீருக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று வேறு சொன்னார்கள். டெல்டாக்காரனாகக் கோபப்படுவதா, அம்மா மண்டபத்துக்கு வர வேண்டியது வழியிலேயே கிடைத்தது என்று குடிப்பதா? குடித்தேன். அதற்குள் அவர் அடுத்த குண்டைப் போட்டார்: அந்தத் தண்ணீரை ஆர்.ஓ. வைத்து மொட்டையாக்கி, பிறகு பர்ட்டனுக்கோ பில்சனுக்கோ தக்கபடி உப்பு சேர்ப்பார்களாம். அத்திம்பேர் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். ஸ்ரீரங்கத்திலேயே இன்று பாதி வீடுகளில் காபிக்குக் கேன் தண்ணீர் என்பதை அவரிடம் யார் சொல்வது?

அரிசியில் பீர் காய்ச்சுவது புதுமை என்று ஒருவர் பெருமைப்பட்டார். பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழை ஆறவைத்து, முளை சேர்த்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விட்டு, விரலால் அலைத்துப் பிழியும் முறையே இருக்கிறது. அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் நம் கரிகாலனுக்குப் பட்டினப்பாலையும் பாடினார். உறையூர்க்காரர்களாவது இதைச் சொல்லிக்கொள்ளலாம். சொல்ல வாயெடுத்தேன், மருமகன் முழங்கையால் இடித்தான்.

கடைசிக் கோப்பை ஸ்டவுட், கன்னங்கரேலென்று. என் மனைவி அதுவரை எதையும் தொடவில்லை, காபியும் வந்தபாடில்லை. என் கோப்பையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். ஒரே மூச்சு.

"வறுவல் ஜாஸ்தி. ஓரத்துல தீஞ்சிருக்கு. வாணலியிலேர்ந்து உடனே கொட்டி ஆத்தியிருக்க மாட்டா."

மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். பெல்ஜியத்துப் பெண்மணி எழுந்தே வந்துவிட்டார். இந்தத் தடவை பார்லி வறுவல் ஒரு தொகுதி கைமீறிப் போனது உண்மைதானாம். கண்டுபிடித்தது மாமி ஒருத்திதான். எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டார். "எங்காத்துல" என்றாள்.

ஊர் திரும்பிய மறுவாரம் மருமகன் போன் செய்தான். உள்ளூர்க்காரர்கள் காபி சேர்த்து ஒரு ஸ்டவுட் காய்ச்சப் போகிறார்கள், மாமி சொல்கிற பக்குவத்தில் ரெண்டு கிலோ தூள் வேண்டும், சிக்கரி கூடாது. கடைக்குப் போனேன். அரைக்கிற இடத்தில் சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர்கள் இருவர் நின்றிருந்தார்கள்.

"என்ன சார், ரெண்டு கிலோவா? ஆத்துல விசேஷமா?" என்றார் கடைக்காரர்.

"கல்யாணம்" என்றேன்.

"அப்படியா, யாருக்கு? என்னிக்கு முகூர்த்தம்?"