சக்கரத்தின் ஜாதகம்

எங்கள் வீட்டு ஹாம்ஸ்டரின் சக்கரத்தில் அச்சு தேய்ந்துபோய், ராத்திரி முழுக்க 'கிரீச் கிரீச்'. திண்டிவனத்தில் மாற்று அச்சு கிடைக்கவில்லை. விழுப்புரம் கடைக்காரர் போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "பழைய மாடலா, புது மாடலா சார்?"

அட்டைப்பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போய் ஆறு மாசம் ஆகிறது. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை எலியே தின்றுவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவிழ்த்துப் பார்த்தேன். 'மேட் இன் சைனா' என்று மட்டும் இருந்தது. அந்த அடையாளம் வீட்டில் பாதிப் பொருளுக்கு உண்டு.

சக்கரத்தையே மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் பக்கத்து சீட்டுப் பெரியவர், "இது இடியாப்பத் தட்டா தம்பி?" என்று கேட்டுவிட்டார். கடைக்காரர் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது ரெண்டுக்கும் நடுவுல வந்தது சார். இப்ப வர்றதில்ல."

போக வர சுமார் 80 கிலோமீட்டர். எலியும் ராத்திரிக்கு ராத்திரி சில கிலோமீட்டர் ஓடி, கிளம்பின இடத்திலேயேதான் நிற்கிறது. ஆனால் அதற்கு டிக்கெட் கிடையாது.

வாங்கும்போதே சக்கரத்தின் உள்விட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். சிரியன் ஹாம்ஸ்டர் முதுகு வளையாமல் ஓட 20 சென்டிமீட்டராவது வேண்டும். பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. பெட்டியை மட்டும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.