கபடி பார்க்க வந்த தம்பிக்கு

வாங்க தம்பி, உக்காருங்க. அங்கே வேணாம். அது கோட்டுக்கு ஓரம், நாலு பேர் சேர்ந்து ஒருத்தனை வெளியே தள்ளுறப்ப அவன் உங்க மடியிலதான் வந்து விழுவான். தோள்ல காமிரா, கையில நோட்டு, கண்ணுல கொஞ்சம் இரக்கம். மூணும் சேர்ந்திருந்தா ஆளு எழுதறவர்னு இந்த மன்னார்குடிப் பக்கத்து ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும்.

எழுதறதுக்கு முன்னால கிழவன் ரெண்டு வார்த்தை சொல்றேன், கேட்டுக்கங்க. கேக்காட்டியும் சொல்வேன்.

முதல்ல, இந்த ஆட்டத்துக்கு எத்தனை ஆயிரம் வயசுன்னு யாரையும் கேக்காதீங்க. கேட்டா எங்க ஆளுங்க சொல்லிடுவாங்க. போன வருஷம் வந்த ஒருத்தருக்கு ராஜராஜ சோழன் காலத்துக் கணக்கு கிடைச்சுது. அதுக்கு முந்தின ஆளுக்கு அபிமன்யு காலம். அடுத்து வர்றவருக்கு டைனோசர்தான் பாக்கி.

"அழிந்துவரும் கிராமிய விளையாட்டு"ன்னும் எழுதாதீங்க. அழியற ஆட்டத்துக்கு விடிய விடிய வேன்ல டீம் வந்து இறங்காது. இந்தப் பக்கத்து வடுவூர்ல போய்ச் சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க. அந்த ஊர்ப் பையன் அபினேஷ் 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல இளையோர் ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கினான். அதே இடத்துல சென்னை கண்ணகி நகர்ப் பொண்ணு கார்த்திகாவும் தங்கம். அது வரைக்கும் கண்ணகி நகர்னா மூக்கைச் சுளிச்ச ஆளுங்கள்லாம் மறுநாள் மாலையோட நின்னாங்க. பதக்கத்துக்கு அவ்வளவு வாசனை.

சினிமாக்காரங்க இன்னொரு வகை. 2009ல 'வெண்ணிலா கபடிக்குழு' பாத்துட்டு வந்தவங்க, கடைசியில யாராவது சாவாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. 2025ல 'பைசன்' பாத்துட்டு வந்தவங்க எவன் முதுகுல வெட்டு இருக்குன்னு தேடினாங்க. எங்க பசங்க தோத்தா ரெஃப்ரியைத் திட்டுவாங்க, அப்புறம் பரோட்டா தின்னுட்டுத் தூங்கிடுவாங்க. அதை எவன் படம் எடுப்பான்?

டிவியில வர்றதுதான் அசல், இது நகல்னும் நினைக்காதீங்க. 2014ல ப்ரோ கபடி வந்துது, 2017ல தமிழ் தலைவாஸ் வந்துது. நல்லாத்தான் இருக்கு, முப்பது செகண்டுல பாடிட்டு வந்துடணும், மேட்டு, ஷூ, கலர் லைட்டு. ஆனா அங்க ஆளை ஏலத்துல எடுக்கறான். வருஷா வருஷம் பனியன் மாறும். நேத்து யாருக்காகப் பாடினோம்னு அவனுக்கே மறந்து போகும். இங்கேயும் வெளியாளை இறக்கற வித்தை உண்டு. போலீஸ் டீம், ரயில்வே டீம் ஆளுங்களை ராத்திரியோட ராத்திரியா கூட்டிக்கிட்டு வந்து "எங்க மாமா பையன்"னு சொல்லுவோம். அத்தனை மாமா எங்களுக்கு எங்கேருந்து வந்தாங்கன்னு கேக்கப்படாது.

இப்ப பெரிய கேள்வி. கேமராவை அணைச்சதும் நீங்கள்லாம் மெதுவா கேப்பீங்க, "இதனால என்ன வருமானம்?" கெட்டிக்காரப் பையனுக்கு அரசு வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு ஒதுக்கின 3 சதவீதம் இருக்கு, ரயில்வே இருக்கு. அதுல ஏறினவன் கொஞ்சம். ஏறாதவன் முட்டியில கட்டோட டிராக்டர் ஓட்டறான். அவன்தான் இப்ப மைக்கைப் பிடிச்சிருக்கான், பாருங்க.

காசில்லாம ஆடறது நாங்க மட்டும் இல்ல. எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு அயர்லாந்துல டப்ளின்ல நர்ஸா இருக்கு. அது சொல்லிச்சு. அங்க ஹர்லிங்னு ஒரு ஆட்டமாம், கட்டையும் பந்தும். கேலிக் ஃபுட்பால்னு இன்னொண்ணு. 1884ல தர்லஸ்ங்கற ஊர்ல ஒரு ஹோட்டல்ல உக்காந்து சங்கம் ஆரம்பிச்சாங்களாம். இன்னிக்கு வரைக்கும் ஆடறவனுக்குச் சம்பளம் கிடையாது. டப்ளின் குரோக் பார்க்ல எண்பத்திரண்டாயிரம் பேர் முன்னால ஞாயித்துக்கிழமை ஆடிட்டு, வாத்தியார் திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போறாராம். ஏலம் கிடையாது, அவனவன் அவனவன் ஊருக்கு. அங்கேயும் உங்களை மாதிரி ஒருத்தர் போய், "சம்பளம் இல்லாம ஏன் அடிபடறீங்க?"ன்னு கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு. கேக்கறவங்க எல்லா நாட்டுலயும் ஒரே ஜாதி.

ஜாதின்னதும் நிமிந்து உக்காந்துட்டீங்க. எழுதிக்கங்க. "கபடி ஊரை ஒன்று சேர்க்கிறது"ன்னு தலைப்பு யோசிச்சிருப்பீங்க. ஊர்னா எதுன்னு முதல்ல பாருங்க. நோட்டீசை எடுத்து எந்தத் தெருவு பேரு மேல இருக்கு, எது கீழ இருக்கு, எது இல்லவே இல்லன்னு பாருங்க. பனியன் முதுகுல எந்தத் தலைவர் படம் இருக்குன்னு பாருங்க. எதிரெதிர் தெருப் பையனுங்க கோட்டுக்குள்ள காலைப் பிடிச்சு, இடுப்பைப் பிடிச்சு மண்ணுல புரளறானுங்க. அங்க தொட்டாத்தான் பாயின்ட்டு. விசில் ஊதினப்புறம் வெளிய வந்து தொடறது எவ்வளவு, தொடாதது எவ்வளவுன்னு எண்ணினீங்கன்னா, நல்ல கட்டுரை கிடைக்கும். நாங்க அதைப் படிச்சுட்டு உங்களை அடுத்த வருஷம் கூப்பிட மாட்டோம்.

அயர்லாந்துக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. இங்கிலீஷ்காரன் ஆட்டமான ஃபுட்பால், ரக்பி, கிரிக்கெட்டை ஆடினாலும், பாத்தாலும் சங்கத்தை விட்டு விலக்குன்னு சட்டம். நாட்டு ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் 1938ல ஒரு ஃபுட்பால் மேட்ச் பாக்கப் போனாருன்னு, சங்கத்துப் புரவலர் பதவியிலேருந்தே எடுத்துட்டாங்க. 1971லதான் அந்தத் தடை போச்சு. ஜனாதிபதியையே தள்ளி வச்சான் பாருங்க! எங்க பெரிசுங்களுக்கு இதைச் சொன்னேன், நமக்கு அந்தத் தைரியம் இல்லாமப் போச்சேன்னு பெருமூச்சு விட்டாங்க.

சரி, ஊரும் பிரிஞ்சு கிடக்கு, காசும் இல்ல, பின்ன எதுக்குத்தான்னு கேப்பீங்க. கணக்கு சொல்றேன். மேட்டூர்ல தண்ணி விட்டா நாத்து, நடவு, களை, தை மாசியில சம்பா அறுப்பு. முன்ன இதுக்கெல்லாம் ஊர் ஒண்ணா வயல்ல நிக்கும். இப்ப மெஷின் வந்து ஒரே நாள்ல அறுத்துட்டுப் போயிடுது. பசங்க திருப்பூர்ல, சிங்கப்பூர்ல. அப்பன் செத்தாக்கூட லீவு கிடைக்கலைன்னு போன் வரும். டோர்னமென்ட்டுக்கு மட்டும் லீவு கிடைச்சுடுது தம்பி, எப்படின்னு கேக்காதீங்க. வெடிச்சுக் கிடக்கிற களிமண் மேல மண்ணடிச்சு, சலிச்சு, தண்ணி தெளிச்சுக் களம் போட நாலு நாள். பந்தலுக்கு ஒருத்தன், வர்ற டீமுக்குச் சோறு பொங்க ஒருத்தன், அதுல உப்பு இல்லைன்னு சொல்ல என்னை மாதிரி பத்துப் பேர். அந்த நாலு நாள் சண்டை இருக்கே, அதுதான் எங்களுக்கு மிச்சம். சண்டை போடவாவது ஆளு எதிர்ல வேணும்ல?

நீங்க அந்த ஒரு மணி நேர ஆட்டத்தைப் பாத்துட்டு வீரம்னு எழுதுவீங்க. எதுக்கும் நாளைக் காலையில நாங்க பந்தல் கணக்குப் பாக்கறப்ப வாங்க. வீரம்னா என்னன்னு அப்பத் தெரியும்.

அதுக்கு முன்ன ஒரு சின்ன காரியம். எங்களைப் புரிஞ்சுக்கணும்னு சொன்னீங்கள்ல, அதுக்கு உள்ளே வரணும். முதல் பரிசு சிங்கப்பூர்ப் பையன் ஏத்துக்கிட்டான், ரெண்டாம் பரிசு உரக்கடை. மூணாம் பரிசுக்குத்தான் இன்னும் பேரு விழல. உங்க பேருக்கு முன்னால "எழுத்தாளர்"னு போடவா, "பத்திரிகையாளர்"னு போடவா? ஜிபே இருக்கு தம்பி, சில்லறை இல்லைன்னு சொல்லாதீங்க.