இடுப்பில் ஒரு வெள்ளை வளையம்

கேள்வி: ஜெர்மனியில் கார்னிவல் சமயத்தில் பொரிக்கும் 'பெர்லினர்' பலகாரத்தை வீட்டில் செய்து பார்த்தேன். படத்தில் இருப்பதுபோல் நடுவே வெள்ளை வளையம் வரவேயில்லையே, ஏன்?

பதில்: மாவு பொங்குவதற்குள் உங்களுக்குப் பசி பொங்கிவிட்டது, அதனால்தான்! மைதா, ஈஸ்ட், முட்டை, பால், வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த மாவு, உருட்டி வைத்த பிறகும் நன்றாக உப்ப வேண்டும். அப்போதுதான் எண்ணெயில் பாதி உடம்பு வெளியே தெரிய மிதக்கும். சுமார் 170 டிகிரி சூட்டில் போட்டு, முதல் பக்கம் வேகும்வரை சட்டியை மூடி வையுங்கள். திருப்பிப் போட்டபின் மூட வேண்டாம். எண்ணெய் தொடாத இடுப்புதான் வெளுப்பாக நிற்கும். ஜாமை, பொரித்த பிறகே குழாயால் உள்ளே ஏற்றுங்கள்.

தவக்காலம் தொடங்குமுன் வீட்டிலுள்ள கொழுப்பையும் முட்டையையும் தீர்த்துவிடச் செய்த பலகாரம் இது. (நம் ஊரில் கொழுப்பை அடக்க வேறு வழிகள் உண்டு.) பவேரியாவில் இதன் பெயர் கிராப்ஃபன், ஹெஸ்ஸனில் கிரெப்பல். பெர்லின்காரர்களோ 'ஃபான்குகன்' என்பார்கள். மற்ற பல ஊர்களில் அப்படிக் கேட்டால் தோசை மாதிரி பான்கேக்தான் வரும்!

தட்டில் ஒன்றில் மட்டும் ஜாமுக்குப் பதில் கடுகு விழுதை வைத்துவிடுவது அங்கே பழைய குறும்பு. விருந்துக்குப் போனால் முதல் ஆளாகக் கை நீட்டாதீர்கள்.