பீச் சித்தப்பா

சித்தப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. ஞாயிறு வாராந்திர விடுமுறை. அதனால் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவர் மேல் கடல்காற்று அடிக்க ஆரம்பித்துவிடும்.

"மெரினாவா? அங்க கடலைப் பாக்கணும்னா முன்னாடி நிக்கிற நூறு தலையைப் பாக்கணும். நான் ஒரு எடம் கூட்டிட்டுப் போறேன். ஈ, காக்கா இருக்காது. யாருக்குமே தெரியாத பீச்சு!"

இவரைப் போன்றவர்கள் பொன்னேரியில், மீஞ்சூரில், எண்ணூரில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. கடல் எல்லாருக்கும் பொது. கூட்டமில்லாத கடல் மட்டும் தனக்குச் சொந்தம் என்பது இவர்கள் கட்சி. சித்தப்பாவின் கூட்டமில்லாத கடல் காட்டுப்பள்ளியில் இருந்தது. இருந்தது என்றுதான் அவரும் சொன்னார்.

காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. எட்டரைக்கு வேன் நகர்ந்தது, பதினாலு பேரோடு. புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை எல்லாம் ஏறிவிட்டன. தண்ணீர் கேனைத் தூக்கியபோதுதான் சித்தப்பா மறித்தார்.

"கடல் தண்ணியையே குடிதண்ணியா மாத்துற ஊருக்குப் போறோம். ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர்! 2010-லயே தொறந்தாச்சு. அங்க போயி கேனைத் தூக்கிட்டு நின்னா நாலு பேர் சிரிப்பான்."

தகவலில் பிழையில்லை. மீஞ்சூர் பேரைச் சொல்லும் அந்தக் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நிற்பது காட்டுப்பள்ளியில்தான். அதன் தண்ணீர் குழாயில் ஏறிச் சென்னைக்குப் போகிறது என்பது மட்டும்தான் சித்தப்பா விட்டுவிட்ட விவரம். சித்தி ஒன்றும் பேசாமல் கேனைத் திண்ணையில் வைத்தாள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

மீஞ்சூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டின. அலைகளை எண்ண வந்த சின்னவன் கன்டெய்னரை எண்ண ஆரம்பித்து, நூற்றுப் பதினேழில் தூங்கிப்போனான். சித்தப்பா முன்சீட்டிலிருந்து கை நீட்டிக்கொண்டே வந்தார். "அதோ புகைபோக்கி தெரியுதா? வல்லூர் அனல்மின் நிலையம். அந்தாண்ட தெரியறது வடசென்னை." எல்லாம் அவர் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னம்பிள்ளைகள் மாதிரி ஒரு பெருமை.

கடைசியில் வேன் ஒரு பெரிய கேட்டின் முன் நின்றது.

"எங்க சார் போறீங்க?" என்றார் காவலாளி.

"பீச்சுக்கு."

"பாஸ் இருக்கா?"

வேனுக்குள் பதினாலு பேரும் கடற்கரைக்குப் பாஸ் வாங்கும் ஆபீஸ் எது என்று யோசித்தோம். நடந்தது இதுதான்: எண்ணூர் துறைமுகம் வந்தது 2001-ல், காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது 2013-ல், சித்தப்பா அந்தப் பக்கம் கடைசியாக வந்தது 1998-ல், கல்யாணமான புதிதில். இந்த ஆட்கள் வழியை யாரிடமும் கேட்கமாட்டார்கள். ஞாபகத்தைத்தான் கேட்பார்கள். அதுவோ புது ரோட்டைப் பார்த்திராது.

"எதிர்பார்த்ததுதான்," என்றார் சித்தப்பா, முகம் மாறாமல். "வடக்கால போனா இன்னும் நல்லா இருக்கும்."

பழவேற்காடு போகும் கடலோரச் சாலையில் பாதித் தூரம் மணல் ரோட்டின் மேல் படுத்திருந்தது. இறங்கித் தள்ளினோம். கருங்காலி தாண்டி ஒரு குப்பத்தருகே கடல் கிடைத்தது. கரைதான் சரியாகக் கிடைக்கவில்லை. சித்தப்பா கிரிக்கெட் ஆடிய மணல்வெளியில் அலை ஆடிக்கொண்டிருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிராமலே சொன்னார்: "மணலு தெக்கேருந்து வடக்கால ஓடுது சார். நடுவுல போர்ட்டுக்குக் கல்லு கொட்டினா அங்கியே நின்னுடுது. இங்க வர்ற மணலு வரல, இருக்கறதையும் கடலு அறுத்துனு போவுது." நான் படித்த எந்தப் பாடப் புத்தகமும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

சித்தப்பா கடலில் இறங்குகிறவர் அல்லர். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, பதிமூன்று பேரின் செல்போனையும் செருப்பையும் சுமந்து, கரையில் நின்று கட்டளையிடுகிறவர். "அலைக்கு முதுகு காட்டாதே! முட்டிக்கு மேல போகாதே!" இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தலைகளை எண்ணுவார். ஒவ்வொரு தடவையும் பதிமூன்றுதான் வரும். பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றங்கரையில் பட்ட பாடு பட்டு, கடைசியில் தன் மார்பைத் தொட்டுக்கொண்டு மூச்சு விடுவார்.

ஒரு மணிக்குப் பாட்டில்கள் காலி. மரமில்லை, கடையில்லை. குழந்தைகள் தண்ணீர் கேட்டபோது, சித்தி கடலைப் பார்த்து "பத்துக் கோடி லிட்டர்" என்றாள். அவ்வளவுதான்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மாதான் ஒரு குடம் தந்தார். "பாத்து ஊத்துங்கோ, தூரத்துலேர்ந்து தூக்கினு வர்றது." நாலு மடக்கு உள்ளே போனதும் சித்தப்பாவுக்குத் தெம்பு திரும்பிவிட்டது. "அருமையான எடம்மா இது. யாருக்குமே தெரியாது!"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான் கீறோம்," என்றார் அந்த அம்மா. "எங்களுக்குக்கூடவா தெரியாது?"

அங்கிருந்து கிளம்பிப் போனால், பழவேற்காடு கலங்கரை விளக்கத்தருகே மெரினாவின் பாதிக் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. அங்கே இன்னொரு சித்தப்பா: சுருட்டிய பேன்ட், கையில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு. சிப்காட்டில் நம்மவருக்கு அடுத்த டிபார்ட்மென்ட்டாம். இருவரும் எல்லைத் தகராறுள்ள மன்னர்களைப் போல் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க எப்படி சார் இங்க?"

"யாருக்கும் தெரியாத எடமாச்சேன்னு வந்தேன்."

படகில் போகலாம் என்று பிள்ளைகள் கத்தினார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு உல்லாசப் படகுக்குத் தடை. சித்தப்பா அதை மெதுவாகச் சொன்னார். அன்று முழுக்க அவர் குரல் இறங்கியது அந்த ஒருமுறைதான்.

திரும்பும் வழியில் டச்சுக் கல்லறையைக் காட்டினார். "1613-ல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினானுங்க. அத்தனை தூரத்துலேர்ந்து தேடி வந்து, கூட்டமில்லாத எடமாப் பாத்துப் புடிச்சிருக்கான் பாரு!"

வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டைச் சித்தி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "தண்ணி கேனு எடுத்துட்டு வரல போல."